இரு பட்டியல்களை ஒப்பிடும் முறை

ஹௌராவிலிருந்து தாரகேசுவரத்திற்குச் செல்லும் இருப்புப்பாதையில், ஹூக்ளி மாவட்டத்தில், சிங்கூர் என்னும் ஊர் உளது. மோட்டார்த் தொழிற்சாலை ஒன்றிற்காக நிலம் எடுத்தது பற்றி 2006 முதல் 2008 வரை நிகழ்ந்த பூசலால் அவ்வூரின் பெயர் நாடெங்கும் பரவிற்று. ஆயின் புள்ளியியலாரிடையே அவ்வூர் அதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகட்கு முன்னரே பெயர் பெற்றதாகும். கல்கத்தாவிலுள்ள அகில இந்தியச் சுகாதார, பொதுநலக் கழகம் கிராமப் பயிற்சிக்கென நடத்திவந்த சுகாதார நிலையம் அங்கு இருந்தது. அந்நிலையத்தின் எல்லைக்குட்பட்ட சிற்றூர்களில் 1947-ஆம் ஆண்டு ஓர் ஆய்வு நடைபெற்றது. ஆய்வின் பொருள் மிக எளியது: ஒரே செய்தியைப் பற்றி இருவேறு கைகளால் எழுதப்பெற்ற இரு பட்டியல்களை அருகருகே வைத்து, எப்பெயர் எதில் உளது, எதில் இல்லை என்று பார்ப்பதே அது.

முதற்பட்டியல் பதிவாளருடையது. 1945, 1946 ஆகிய ஈராண்டுகளில் நிகழ்ந்த பிறப்புகளும் இறப்புகளும் அதில் எழுதப்பட்டிருந்தன. இரண்டாவது பட்டியல், ஆய்வாளர்கள் வீடுவீடாகச் சென்று, அவ்விரு ஆண்டுகளில் இவ்வீட்டில் யார் பிறந்தனர், யார் இறந்தனர் என வினவி எழுதிய பட்டியலாகும். இரண்டும் ஒத்திருக்க வேண்டுமென்பது எதிர்பார்ப்பு. ஒத்திருக்கவில்லை. அங்ஙனம் ஒவ்வாமை நேர்ந்ததில் வியப்பில்லை. அவ்வொவ்வாமையையே அளவுகோலாகக் கொண்டு, இரு பட்டியல்களிலும் இடம்பெறாதவர்களின் எண்ணிக்கையைக் கணித்ததே புதுமை. இம்முறையை வகுத்தவர் இருவர். ஒருவர், அக்கழகத்தில் புள்ளியியல் பேராசிரியராய் விளங்கிய சி. சந்திரசேகரன், பிற்காலத்தில் பம்பாயிலிருந்த மக்கள்தொகைப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராகவும் பணியாற்றியவர். மற்றவர் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங். ஜப்பானியத் தொழிற்சாலைகளில் தரக்கட்டுப்பாட்டைப் பரப்பியதற்காகப் பின்னர் உலகப்புகழ் எய்தியவர். அவர்களது கட்டுரை 1949-இல் அமெரிக்கப் புள்ளியியற் சங்கத்தின் இதழில் வெளியாயிற்று.

பெயர்ப்பட்டியலில் ஒருவர் விடுபடுவதால் என்ன குறை நேர்ந்துவிடும் என்ற ஐயம் எழலாம். வங்காளத்திற்கு அதன் விடை நன்கு தெரியும். அங்குப் பிறப்பு இறப்புப் பதிவிற்கான சட்டம் 1873-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. சிற்றூர்ச் செய்தியைத் தாணாவிற்குக் கொண்டுசெல்லும் பொறுப்பு ஊர்க்காவலராகிய சௌக்கிதாரைச் சார்ந்திருந்தது. 1943-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது அச்சௌக்கிதார்களிற் பலர் தாமே இறந்தனர். பலர் ஊரைவிட்டு நீங்கினர். எங்கே சாவு மிகுந்ததோ அங்கேயே பதிவு குறைந்தது. 1945-இல் அறிக்கை வெளியிட்ட பஞ்ச விசாரணைக் கமிஷன், பதிவேட்டின் எண்ணைப் பதிவுக்குறை கருதி உயர்த்தி, மிகையாக இறந்தோர் ஏறத்தாழ 15 லட்சம் என்றது. பிற்கால ஆராய்ச்சியாளர்களின் மதிப்பீடுகளோ 20 லட்சத்திற்கு மேற்பட்டுத் தொடங்கி 30 லட்சத்தையும் கடக்கின்றன. இவ்வேறுபாட்டின் பெரும்பகுதி, பட்டியலில் ஏறாதவர் எத்துணைப்பேர் என்ற ஒரு வினாவைப் பற்றியதேயாகும். அவ்வினாவைப் பஞ்சத்திற்குப் பின் எவராலும் ஐயமறத் தீர்க்க இயலவில்லை. ஏனெனில் ஒப்பிடுவதற்கு இரண்டாவது பட்டியல் இல்லை.

இனிக் கணக்கைக் காணலாம். ஒரு சிற்றூரில் ஓராண்டில் பதிவாளர் 60 பிறப்புகளைப் பதிந்துள்ளார் என்று கொள்க. வீடுவீடாகச் சென்ற ஆய்வாளர் 80 பிறப்புகளைக் கண்டறிந்தார். பட்டியல்களை ஒப்பிட்டதில் 48 பிறப்புகள் இரண்டிலும் காணப்பட்டன. ஆகவே பதிவாளர் மட்டும் அறிந்தவை 12. ஆய்வாளர் மட்டும் அறிந்தவை 32. கூட்டினால் 92 ஆகின்றது. பலர் இங்கேயே நின்றுவிடுவர். ஆனால் ஒன்றை எண்ணுதல் வேண்டும். ஆய்வாளர் கண்ட 80 பிறப்புகளுள் பதிவாளரும் கண்டவை 48, அதாவது நூற்றுக்கு 60. ஆய்வாளரின் பட்டியலைப் பதிவாளரின் திறமைக்கு ஒரு சோதனையாகக் கொண்டால், பதிவாளர் நூற்றுக்கு 60 பிறப்புகளையே பதிபவர் என்பது வெளிப்படை. அவர் பதிந்தவை 60 என்றால் ஊரில் நிகழ்ந்த பிறப்புகள் 100 ஆதல் வேண்டும். 92 போக எஞ்சிய 8 பிறப்புகள் இருவர் கண்ணுக்கும் தப்பியவை. இவ்வெட்டினை நேரே பெறவும் வழி உண்டு: ஒருவர் மட்டும் கண்டதையும் மற்றவர் மட்டும் கண்டதையும் பெருக்கி, இருவரும் கண்டதால் வகுத்தால் போதும். பன்னிரண்டை முப்பத்திரண்டால் பெருக்க 384. அதனை 48-ஆல் வகுக்க 8.

இக்கருத்தின் வேர் பழையது. பிரெஞ்சு நாட்டின் மக்கள்தொகையை மதிப்பிடப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் லாப்லாஸ் இதையொத்த விகிதத்தைக் கையாண்டார். டென்மார்க்கைச் சேர்ந்த பீட்டர்சன் மீன்களுக்கு அடையாளமிட்டு மீண்டும் கடலில் விட்டார். அமெரிக்கரான லிங்கன் 1930-இல் வாத்துகளுக்கு வளையமிட்டார். இந்நாளில் சுந்தரவனக் காடுகளிலே தானியங்கி ஒளிப்படக் கருவிகளைக் கட்டிவைத்து, புலிகளின் வரிகளைக் கொண்டு அவற்றை இனங்கண்டு எண்ணுவதும் இவ்வழியின் வளர்ச்சியே. முதல்நாள் படமெடுக்கப்பட்ட புலிகள் ஒரு பட்டியல். மறுநாட் புலிகள் இன்னொன்று.

ஆயினும் மக்கட்பதிவில் ஓர் இடர்ப்பாடு உண்டு. மேற்கண்ட கணக்கு முழுவதும் ஒரு நிபந்தனையின்மேல் நிற்கின்றது: ஒருவர் கண்டார் என்பதால் மற்றவரும் காண்பதற்குரிய வாய்ப்பு மிகவோ குறையவோ கூடாது. உண்மையில் நிகழ்வது வேறு. பாதையோரத்து வீடு, படித்த குடும்பம், நலமாக வளரும் குழந்தை ஆகியவை இரு பட்டியல்களிலும் எளிதில் ஏறும். வயற்காட்டைக் கடந்து நிற்கும் குடிசை, பிறந்த சில நாட்களிலே இறந்த சிசு ஆகியவை இரண்டிலிருந்தும் நழுவும். ஊரில் 200 பிறப்புகள் நிகழ்ந்தன என்றும், அவற்றுள் 100 பாதையோரப் பகுதியையும் 100 ஒதுக்குப்புறத்தையும் சார்ந்தவை என்றும் கொள்க. பாதையோரத்திலே பதிவாளர் 80, ஆய்வாளர் 90, இருவரும் 72 எனக் கண்டனர். ஒதுக்குப்புறத்தில் பதிவாளர் 20, ஆய்வாளர் 50, இருவரும் 10. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிடின் பதிவாளர் 100, ஆய்வாளர் 140, இருவரும் 82; கிடைக்கும் விடை ஏறத்தாழ 171. ஏறக்குறைய 29 குழந்தைகள் கணக்கிலிருந்து மறைகின்றனர். அதே எண்களைப் பகுதி பகுதியாகக் கணக்கிட்டால் ஒவ்வொன்றிலும் 100 என்ற சரியான விடை வருகின்றது. வாய்ப்பு ஏறத்தாழ ஒரே தன்மைத்தாயுள்ள சிறு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடுக என்று சந்திரசேகரனும் டெமிங்கும் வற்புறுத்தியதன் காரணம் இதுவே. அவர்களது கட்டுரையில் மிகுதியும் எடுத்தாளப்படுவது சூத்திரமேயாயினும், அதனினும் பயன் மிக்கது இவ்வறிவுரை எனலாம்.

சூத்திரத்தில் வருவன மூன்று எண்கள். அவற்றுள் இரண்டைப் பெறுதற்கு எண்ணத் தெரிந்தால் போதும். மூன்றாவதான “இரண்டிலும் உள்ளவை” என்பதைப் பெறுதற்கோ, இவரும் அவரும் ஒருவரே என்று தீர்மானிக்கத் தெரிதல் வேண்டும். முதல் எடுத்துக்காட்டில் உண்மையாகப் பொருந்துவன 48. அவற்றுள் எட்டினை எழுத்து வேறுபாட்டினாலோ தேதி வேறுபாட்டினாலோ பொருந்தாதன என்று ஒதுக்கிவிட்டால், விடை 100-லிருந்து 120-ஆக உயர்ந்துவிடும். மாறாக, வெவ்வேறான நான்கு இணைகளை ஒன்றெனக் கருதி 52 என்று கொண்டால், விடை 92-ஆகத் தாழும். ஒப்பிடுபவரின் கண்டிப்பும் தாராளமும் ஒரு நாட்டின் பிறப்பு வீதத்தையே மாற்றவல்லவை.

வங்காளத்தில் இது சிறுசெயல் அன்று. முகோபாத்தியாயர், முகர்ஜி என்பவை ஒரே குடிப்பெயரின் இரு வடிவங்கள். சட்டோபாத்தியாயர், சாட்டர்ஜி என்பவையும் அத்தகையனவே. ஒவ்வொருவர்க்கும் வீட்டில் அழைக்கும் “டாக்நாம்” ஒன்று, ஊரறிய வழங்கும் “பாலோநாம்” மற்றொன்று. ஆய்வாளரிடம் பாட்டியார் சொல்வது முன்னது. பதிவேட்டில் இருப்பது பின்னது. பிறந்த குழந்தைக்கோ பதியும்போது பெயரே இராது. தந்தை பெயர், வீடு, ஆணா பெண்ணா, பிறந்த நாள் என்பவற்றைக் கொண்டே இனங்காண வேண்டும். நாளும் ஒரு நெறியில் அமைவதில்லை. பதிவேட்டில் ஆங்கிலத் தேதி இருக்கும். தாய்க்கு நினைவிருப்பதோ வங்காள மாதமும் அதனையொட்டிய பூசையுமாகும். துர்க்கா பூசைக்கு இரு நாள் முன்னர் என்று அவள் சொன்னால், அவ்வாண்டுப் பஞ்சாங்கத்தை எடுத்துப் பார்த்தே ஆய்வாளர் தேதியை எழுத முடியும்.

இன்னுமொரு சிக்கல் தமிழ் வாசகர்க்கும் நன்கு பழகியதே. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நிகழ்வது இருநாட்டு வழக்கம். குழந்தை பிறந்த ஊரின் பதிவேட்டில் அது ஏறும். வீடுவீடாகச் செல்லும் ஆய்வாளரோ கணவன் ஊரில் அதனை எழுதுவார். இரு பட்டியல்களும் பிழையற்றவை, ஆயினும் பொருந்தா. எவ்விடத்துப் பிறப்பை எவ்விடத்திற்குரியதாகக் கொள்வது என்ற விதியை முதலிலேயே வகுக்காமல் ஒப்பிடத் தொடங்குவோர், ஒப்பீட்டின் முடிவில் தம் விதிக்குறையையே அளந்தவராவர்.

இனி, ஒப்பிடும் வேலையை எவ்வாறு செய்வது என்பதைப் பார்க்க வேண்டும். முதற்பட்டியலின் ஒவ்வொரு பெயரையும் எடுத்து இரண்டாவது பட்டியலை மேலிருந்து கீழ்வரை தேடுதல் எவர்க்கும் முதலில் தோன்றும் வழி. ஆயிரம் பெயர் கொண்ட இரு பட்டியல்களாயின் இவ்வழியில் பத்து லட்சம் ஒப்பீடுகள் வரை நேரும். எழுத்தர்கள் இதனைச் செய்வதில்லை. இரு பட்டியல்களையும் அகரவரிசையிலோ வீட்டு எண் வரிசையிலோ அடுக்கிக்கொண்டு, இடக்கை விரலை ஒன்றிலும் வலக்கை விரலை மற்றொன்றிலும் வைத்து ஒருங்கே இறக்கி வருவர். இரு விரல்களும் ஒரே பெயரைச் சுட்டினால் குறியிட்டு இரண்டையும் இறக்குவர். ஒவ்வாவிடின் எது வரிசையில் முந்தியதோ அது மற்றதில் இல்லை என்று குறித்து, அவ்விரலை மட்டும் இறக்குவர். இரண்டாயிரம் அடிகளுக்குள் வேலை முடியும்.

இவ்விரு விரல் முறையே பின்னர் இயந்திரமாயிற்று. துளையிட்ட அட்டைகளின் இரு கட்டுகளை ஒருங்கே செலுத்தி, பொருந்துவனவற்றை ஒருபுறமும் பொருந்தாதனவற்றை மறுபுறமும் தள்ளும் இணைப்புப் பொறி 1937-இல் அமெரிக்காவில் வழக்கிற்கு வந்தது; அந்நாட்டின் சமூகக் காப்புத் திட்டத்திற்குரிய கோடிக்கணக்கான அட்டைகளை ஒப்பிடவேண்டிய தேவையே அதன் பிறப்புக்குக் காரணம். கல்கத்தாவில், பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1931-இல் நிறுவிய இந்தியப் புள்ளியியற் கழகத்திலும் துளையட்டைப் பொறிகள் இயங்கின. அக்கழகத்தில் 1956-ஆம் ஆண்டளவில் இயங்கத் தொடங்கிய எச்.இ.சி.-2எம் என்னும் பொறியே இந்தியாவின் முதல் இலக்கக் கணிப்பொறி எனப்படுவது. அதன் காந்த உருளையில் 1,024 சொற்களே அடங்கும். ஓர் ஊரின் பட்டியலையேனும் முழுமையாக நினைவில் வைத்துக்கொள்ள அதனால் இயலாது. பெருமளவுப் பட்டியல்களை ஒப்பிடுவோர் அக்காலத்தில் வரிசைப்படுத்தலையே நம்பியிருந்ததற்கு இத்தகைய நினைவுச் சிறுமையே காரணம்.

நினைவு பெருகியபின் வரிசைப்படுத்தாமலே ஒப்பிடும் வழி பரவலாயிற்று. இதன் கருத்தை ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1953-இல் எழுதிவைத்தார். ஒரு பெயரின் எழுத்துகளைக் கொண்டே ஓர் எண்ணைக் கணித்து, அவ்வெண்ணுள்ள அறையில் அப்பெயரை இடுவது. பின்னர் தேடும்போது மீண்டும் அதே கணக்கைச் செய்து நேரே அவ்வறையைத் திறந்து பார்ப்பது. அஞ்சலகத்தில் கடிதங்களைப் பகுத்திடும் அறைப்பலகையை இதற்கு உவமை கூறலாம். இங்ஙனம் அமைந்த அட்டவணை ஹாஷ் எனப்படும். லாரி வால் 1987-இல் வெளியிட்ட பெர்ல் என்னும் கணிப்பொறி மொழியில் ஹாஷ் அட்டவணை மொழியின் அடிப்படை உறுப்புகளுள் ஒன்று. ஆதலின் இரு பட்டியல்களை ஒப்பிடும் வேலைக்குப் பலர் அம்மொழியை நாடுகின்றனர்.

பெர்ல் மொழியில் இவ்வேலை நடைபெறும் விதம் வருமாறு. முதற்பட்டியலை வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு வரியின் ஈற்றிலுமுள்ள வரிமுடிவுக் குறியையும் வெற்றிடத்தையும் களைந்து, பெயரைத் திறவுச்சொல்லாகவும் அதற்குரிய செய்தியை மதிப்பாகவும் ஓர் அட்டவணையில் இடவேண்டும். இரண்டாவது பட்டியலுக்கு இன்னோர் அட்டவணை. பின்னர் முதலதன் திறவுச்சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, இரண்டாவதில் உண்டா என வினவ வேண்டும். இல்லையேல் நீங்கியது, உண்டாயின் மதிப்புகளை ஒப்பிட்டு, வேறாயிருப்பின் மாறியது. இரண்டாவதில் இருந்து முதலதில் இல்லாதது சேர்ந்தது. மாற்றம் என்பதற்கு இம்மூன்றே வகை. பத்தாயிரம் பெயர் கொண்ட இரு பட்டியல்களை ஒன்றனுள் ஒன்றாகச் சுழலவிட்டு ஒப்பிட்டால் பத்துக் கோடி ஒப்பீடுகள் வரை ஆகக்கூடும். ஹாஷ் வழியில் சில பத்தாயிரம் செயல்களில் முடிவடைகின்றது. ஹாஷ் அட்டவணையிலிருந்து திறவுச்சொற்கள் வெளிவரும் ஒழுங்கிற்கு உறுதியில்லையாதலால், விடையை அச்சிடுமுன் வரிசைப்படுத்திக்கொள்வது நலம்; இல்லையேல் இன்றைய அறிக்கையும் நேற்றைய அறிக்கையும் ஒரே செய்தியை வெவ்வேறு ஒழுங்கில் கூறி வாசிப்பவரை மயக்கும்.

எழுதுவது எளிதாயினும் வழுக்குமிடங்கள் உள. சிங்கூர்ப் பட்டியல் போன்றவற்றை இம்முறைக்கு உட்படுத்தினால் அவை விளங்கும். தந்தை பெயர், வீட்டு எண், பிறந்த நாள் என்பவற்றை ஒட்டித் திறவுச்சொல் அமைத்ததாகக் கொள்க. இரட்டைக் குழந்தைகள் பிறந்த வீட்டில் இரு வரிகளுக்கும் ஒரே திறவுச்சொல் வரும். ஹாஷ் அட்டவணையில் ஒரு திறவுச்சொல்லுக்கு ஒரே அறைதான். இரண்டாவது குழந்தை முதற்குழந்தையின் மேல் எழுதப்பட்டுவிடும். யாதோர் எச்சரிக்கையும் எழாது. ஆதலின் மதிப்பினிடத்தில் எத்தனைமுறை வந்தது என்ற எண்ணிக்கையை வைப்பதோ, குழந்தையின் வரிசை எண்ணைத் திறவுச்சொல்லில் சேர்ப்பதோ வேண்டற்பாலது.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. பெர்ல் மொழியில் பூச்சியம் என்னும் மதிப்பு “இல்லை” என்பதற்கு ஒப்பாகும். இறப்புப் பட்டியலில் வயதை மதிப்பாக வைத்துள்ளார் ஒருவர். இரண்டாவது பட்டியலில் இப்பெயர் உண்டா என்று வினவுமிடத்து, திறவுச்சொல் இருக்கின்றதா என்று கேளாமல் அதன் மதிப்பை மட்டும் சோதித்தால், வயது ஒன்று முதல் நூறு வரையுள்ளோர் அனைவரும் சரியாகப் பொருந்துவர். ஓராண்டு நிறையாமல் இறந்த சிசுக்களின் வயது பூச்சியம். அவர்கள் மட்டும் இரண்டாவது பட்டியலில் இல்லாதவராகத் தோன்றுவர். பதிவாளரும் ஆய்வாளரும் தவறாமல் எழுதிய சிசுவை ஒரு சொற்பிழை அழித்துவிடுகின்றது. திறவுச்சொல் உளதா என்று வினவுவதற்கெனவே அம்மொழியில் தனிச்சொல் உண்டு. அதனைக் கையாளுதல் வேண்டும். சிசு மரண வீதத்தை அறியவென்றே நடத்தப்பெறும் கணக்கில் இப்பிழை புகுந்தால் விளைவு எத்தகையதாகும் என்பதை விரிக்க வேண்டுவதில்லை.

எழுத்தின் சிக்கல் மூன்றாவது. கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றும் எழுத்து, கணிப்பொறியின் உள்ளே இரு வகையாக இருக்கக்கூடும். ராய் என்னும் குடிப்பெயரை வங்காளத்தில் எழுதும்போது இறுதியில் வரும், கீழே புள்ளி பெற்ற யகரத்தை ஒரே குறியீடாகவும் வைக்கலாம். யகரம் ஒன்று, புள்ளி ஒன்று என இரு குறியீடுகளாகவும் வைக்கலாம். அச்சில் வேறுபாடு தெரியாது. ஒப்பீட்டில் இருவர் ஆகிவிடுவர். தமிழிலும் இவ்விடர் உண்டு. கொ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும், ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் இடலாம். கௌரி என்னும் பெயரில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் தட்டச்சிடுவோர் பலர். முன்னிரண்டையும் ஒரே வடிவிற்குக் கொணரும் விதி யூனிகோட் முறையிலேயே உளது. பட்டியல்களைப் படித்தவுடன் அதனைச் செலுத்திவிட்டே ஒப்பிடத் தொடங்க வேண்டும். கடைசியிற் கூறிய கௌரிப் பிழை எழுத்துப்பிழையாதலால் அவ்விதியால் தீராது. அதற்கெனத் தனியே ஒரு திருத்தம் எழுதிக்கொள்ள வேண்டியதே.

பட்டியலைப் பொறி ஒப்பிட்டு “நீங்கியது” என்று கூறினால், அப்பொருள் உலகினின்றும் நீங்கியது என்பது கருத்தன்று. அச்சொல் அப்பட்டியலில் இல்லை என்பதே கருத்து. 2000-ஆம் ஆண்டின் இந்திய நகரப் பட்டியலையும் 2002-ஆம் ஆண்டின் பட்டியலையும் பெர்ல் நிரல் ஒன்றினிடம் கொடுத்தால், கல்கத்தா நீங்கியது, கொல்கத்தா சேர்ந்தது என்று அது அறிக்கையிடும். 2001-இல் பெயர் மாறிய செய்தியை அது அறியாது. நகருக்குப் பெயரல்லாத ஓர் அடையாள எண்ணைத் திறவுச்சொல்லாகக் கொண்டிருந்தால் மட்டுமே, மாறியது என்ற சரியான விடை கிட்டும். மனிதர்க்கும் இஃது ஒக்கும். 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மேற்கு வங்காளத்தில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தத்தில், 2002-ஆம் ஆண்டுப் பட்டியலோடு தம் பெயரையோ பெற்றோர் பெயரையோ இணைத்துக் காட்டுமாறு வாக்காளர்கள் கேட்கப்பட்டனர். இடைப்பட்ட இருபத்து மூன்றாண்டுகளில் மணமாகிக் கணவன் குடிப்பெயரை ஏற்ற பெண்ணும், முகோபாத்தியாயராயிருந்து முகர்ஜியாக எழுதப்பட்டவரும் பொறியின் கண்ணுக்குப் புதியவர்களே. அத்தகையோர் யாவரென்று பிரித்துக் காட்டுவது வரைதான் பொறியால் ஆகும்.

பொருந்தாதனவற்றை என் செய்வது என்பதற்கு இந்தியாவின் மாதிரிப் பதிவுத் திட்டம் நல்லதொரு நடைமுறையை வகுத்துள்ளது. இந்தியப் பதிவுத் தலைவர் அலுவலகம் 1964-65-இல் இதனைச் சோதனையாகத் தொடங்கி, 1969-70 முதல் முழு அளவில் நடத்தி வருகின்றது. நாட்டின் பிறப்பு வீதம், இறப்பு வீதம், சிசு மரண வீதம் ஆகியவற்றைப் பற்றிய எண்களுக்கு நெடுங்காலமாக இத்திட்டமே முதன்மையான ஆதாரம். சிங்கூரில் மேற்கொள்ளப்பட்ட இரட்டைப் பட்டியல் முறையே இதன் அடிப்படை. தெரிந்தெடுத்த ஒவ்வொரு சிற்றூரிலும் நகரப் பகுதியிலும் உள்ளூர்க் கணக்காளர் ஒருவர், பெரும்பாலும் ஆசிரியர் அல்லது அங்கன்வாடிப் பணியாளர், பிறப்பு இறப்புகளை நிகழ நிகழக் குறித்து வருகின்றார். ஆறு திங்களுக்கு ஒருமுறை மேற்பார்வையாளர் ஒருவர் தனித்து வந்து, வீடுவீடாக வினவித் தம் பட்டியலை எழுதுகின்றார். கணக்காளரின் ஏட்டை அவர் முன்கூட்டிப் பார்த்தல் ஆகாது. பார்த்துவிடின் இரண்டாவது பட்டியல் முதலதன் படியாகிவிடும், ஒப்பீட்டிற்கு உயிரே இராது.

பின்னர் இரு பட்டியல்களும் அலுவலகத்தில் ஒப்பிடப்பட்டு, முழுதும் பொருந்தியவை, ஓரளவு பொருந்தியவை, பொருந்தாதவை என மூவகையாகப் பிரிக்கப்படுகின்றன. முதல்வகையை அப்படியே ஏற்கின்றனர். மற்ற இருவகையையும் எழுத்துமேசையில் இருந்தவாறு தீர்ப்பதில்லை. அவற்றைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு மீண்டும் அவ்வீட்டிற்கு ஆள் செல்கின்றது. இரண்டு தேதிகளில் எது சரி, கமலா என்று ஒரு பட்டியலிலும் குக்கி என்று மற்றொன்றிலும் இருப்பவள் ஒரே குழந்தையா, தாய்வீட்டில் பிறந்ததை இங்கு எழுதியது முறையா என்பனவற்றை வீட்டாரையே கேட்டுத் தீர்த்து, இரட்டிப்பு நீங்கிய ஒரே பட்டியலை ஆக்குகின்றனர். ஆண்டுதோறும் வெளியாகும் வீதங்கள் அப்பட்டியலிலிருந்து கணிக்கப்படுவனவாகும்.